வட்ட முகத்துக்கு எடுபடாது

"மூணு மாசத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

பார்லர் நாற்காலியில் உட்கார்ந்து முடி கொட்டுகிறது என்று புலம்புகிற எல்லோரிடமும் நான் கேட்கிற முதல் கேள்வி இது. என்ன ஷாம்பு, என்ன எண்ணெய், தண்ணீர் உப்பா என்பதெல்லாம் அப்புறம். முடி இன்றைய செய்தியை இன்று சொல்லாது. காய்ச்சலோ, பிரசவமோ, பெரிய துக்கமோ, பட்டினியோ வந்தால் உடம்பு முதலில் கைவிடுவது முடியைத்தான். இருதயமும் மூளையும் சாப்பிட்டது போக மிச்சம் இருந்தால்தான் அதற்குத் தட்டு. ஆனால் முடி உடனே கோபித்துக்கொண்டு கிளம்பாது. இரண்டு மூன்று மாதம் ஒன்றும் நடக்காத மாதிரி தலையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். நாம் எல்லாவற்றையும் மறந்த பிறகு கொத்துக் கொத்தாகக் கழன்று கையில் வரும்.

அன்றைக்கு உட்கார்ந்திருந்தது வங்கியில் வேலை பார்க்கும் ஒரு மேடம். "ஒண்ணும் நடக்கலையே" என்று கண்ணாடியைப் பார்த்து யோசித்தார். திடீரென்று நாற்காலியிலேயே துள்ளினார். "ஆமாங்க! பத்து நாள் காய்ச்சல்ல படுத்த படுக்கையா கிடந்தேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

எனக்குத் தலைகால் புரியாது இப்படி யாராவது கேட்டுவிட்டால். தினம் ஒரு முட்டை, ஒரு வேளையாவது பருப்பு, கீரை சாப்பிட்டால் கூடவே எலுமிச்சையோ ஆரஞ்சோ, சாப்பிட்ட கையோடு டீ குடிக்கக் கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனேன். நடுவகிட்டை மாற்றிப் பக்கவாட்டில் எடுத்து, முன்முடியைக் கொஞ்சம் குறைத்து விட்டேன். மேடம் ஐந்து வயது குறைந்து எழுந்து போனார். பதினெட்டு வருடமாக இந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறேன். முடி விஷயத்தில் நான் சொன்னால் சொன்னதுதான். முதலாளியம்மாவே என்னிடம் கேட்டுவிட்டுத்தான் தன் தலையில் கை வைப்பார்.

இந்தப் பெருமையோடு அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். குளியலறையில் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது.

தண்ணீர் போகிற துளையின் மூடியைத் தூக்கி விரலை விட்டு இழுத்தேன். முடி. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு எலி அளவுக்குக் கையில் சுருண்டு கிடந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் குண்டூசித் தலை மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. அறுந்த முடி இல்லை, வேரோடு கழன்ற முடி.

எங்கள் வீட்டில் மூன்றே பேர். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு உதிர்வதற்கு இனி பாக்கி ஒன்றும் இல்லை, காதுக்கு மேலே இரண்டு பக்கமும் ஒரு மரியாதைக்கு இருக்கிறது. நான் ஒட்ட வெட்டிக்கொண்டு பல வருடம் ஆகிறது. மிச்சம் இருப்பது மகள்.

மகளுக்கு இருபது வயது. மூக்குக்கண்ணாடி விற்கிற கடையில் வேலை. வருகிறவர்களின் முகத்துக்கு எந்த பிரேம் பொருந்தும் என்று எடுத்துக் கொடுத்து, கண்ணாடி முன்னால் நிறுத்திக் காட்டுகிற வேலை. பிறந்தபோதே கொழுகொழுவென்று இருந்ததால் அவள் அப்பா 'உருண்டை' என்று கூப்பிட ஆரம்பித்து, அந்தப் பேரே வீட்டில் நிலைத்துவிட்டது. மூன்று வாரமாக அவள் கொண்டை போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள். கடையில் எல்லோருக்கும் கொண்டைதான் என்று புது விதி வந்திருக்கிறதாம். நானும் மண்டையை ஆட்டிக்கொண்டேன். நாள் முழுக்க ஊரார் தலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் இன்னொரு தலையை ஏறெடுத்துப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

அவள் உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கொண்டையை அவிழு" என்றேன்.

"எதுக்கு?"

"அவிழுடின்னா அவிழு."

"வந்ததும் வராததுமா என்னம்மா உனக்கு?"

நானே பிடித்து இழுத்து கிளிப்பை எடுத்தேன். கைக்குள் அடங்காமல் பிதுங்குகிற முடி அவளுக்கு. இப்போது சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு வால் தொங்கியது. வகிடு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து, மண்டைத் தோல் பளபளவென்று தெரிந்தது.

"மூணு மாசத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஒண்ணும் நடக்கலை."

"காய்ச்சல் வந்துச்சா? யாராவது ஏதாவது சொன்னாங்களா? ஏதாவது பையன் விஷயமா?"

"அம்மா! ஒண்ணும் இல்லேன்னா விடேன்." கிளிப்பை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன். அவள் இளைத்திருக்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். சந்தோஷப்பட்டோம், அதுதான் கொடுமை. "உருண்டை இப்ப பென்சில் ஆயிட்டா" என்று அவள் அப்பா சொல்லிச் சிரித்தார். வேலைக்குப் போனதும் பெண் கச்சிதமாக ஆகிவிட்டாள் என்று நான் பார்லரில் பீற்றிக்கொண்டேன். ராத்திரி "கடையிலயே ஏதோ சாப்பிட்டேன்" என்பாள், நம்பினேன். மதியச் சாப்பாட்டு டப்பா தினமும் கழுவித் துடைத்துத் திரும்பி வரும். இந்தக் காலத்தில் எந்தப் பெண் டப்பாவைக் கழுவிக் கொண்டுவருகிறாள் என்று அதையும் பெருமையாக நினைத்தவள் நான்.

மறுநாள் மதியம் பார்லரில் ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் கடைக்குப் போனேன். கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி வாங்க வந்தேன் என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி, ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"பாப்பாவோட அம்மாதானே? முகம் அப்படியே உரிச்சு வச்சிருக்கே!" என்றார். "உங்களைப் பார்த்தா கும்பிடணும்னு இருந்தேம்மா. என்ன கைப்பக்குவம்! முட்டையைப் போட்டு அந்தக் கீரை வப்பீங்களே, அடடா."

"எந்தக் கீரைண்ணே?"

"நீங்க குடுத்தனுப்புறதுதாம்மா. மூணு மாசத்துக்கு மேல உங்க சாப்பாடுதானே எனக்கு! வீட்டுல கூடுதலா செய்யறாங்க, வீணாப் போகுதுன்னு பாப்பா தினம் குடுக்கும். பாருங்க," என்று சட்டையின் வயிற்றுப் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "பொத்தான் போட முடியலை."

அவர் சிரித்த சிரிப்பில் சூதுவாது இல்லை. நானும் பல்லைக் காட்டினேன். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். மகள் ஒரு வாடிக்கையாளரின் காதில் பிரேமை மாட்டிக்கொண்டிருந்தாள். கையை உயர்த்தியபோது சட்டைக் கை தோள் வரை வழிந்து, முழங்கை எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. உள்ளே போகாமலே திரும்பிவிட்டேன்.

பேருந்தில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் எந்த வாரம், அந்த வாரம் என்ன நடந்தது? இரண்டு நிறுத்தம் தாண்டியதும் நினைவு வந்துவிட்டது.

அது ஒரு சனிக்கிழமை. கூட வேலை செய்கிறவள் விடுப்பு. தனியாளாகப் பதினோரு தலை பார்த்தேன். அதில் ஒன்று சுருட்டை முடியை நேராக்குகிற வேலை, அது மட்டுமே நாலு மணி நேரம். சாயங்காலம் கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் தோலுக்குள் புதைந்துவிட்டது. பார்லர் மூடுகிற நேரத்தில் மகள் மூச்சிரைக்க வந்து நின்றாள். போனில் ஒரு படம். கழுத்து வரைக்கும் வெட்டிய குட்டை முடி. "எனக்கு இப்படி வெட்டி விடும்மா. இப்பவே. ப்ளீஸ்மா." இடுப்பு வரை அடர்ந்து கிடந்த முடி அவளுக்கு. அதைப் பிரித்து, அளந்து, வெட்டி, சரி பார்த்து, கூட்டிப் பெருக்கி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். நான் அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"உன் வட்ட முகத்துக்கு அது எடுபடாதுடி. கன்னம் கொஞ்சம் வத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்."

அவ்வளவுதான் சொன்னேன். அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் பேருந்து பிடித்து வீட்டுக்குப் போனோம்.

எடுபடாது என்பது பச்சைப் பொய். வட்ட முகத்துக்குத் தாடையோடு ஒட்டி வெட்டினால்தான் முகம் தட்டு மாதிரி தெரியும். தாடைக்கு இரண்டு விரல் கீழே இறக்கி, வகிட்டைப் பக்கவாட்டில் எடுத்து, முன்னால் வருகிற முடியைப் பின்முடியைவிடக் கொஞ்சம் நீளமாக விட்டால் அம்சமாக இருக்கும். வாரத்துக்கு நாலு வட்ட முகத்துக்கு நான் அப்படித்தான் வெட்டி அனுப்புகிறேன். முடியால் முகத்தை எடுத்துக் காட்டுவதுதான் என் தொழிலே. என் வயிற்றில் பிறந்தவளிடம் மட்டும், முடிக்காக முகத்தை மாற்றிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அவளை உட்கார வைத்துக் கேட்டேன். அவள் அப்பாவும் கூட இருந்தார்.

"சாப்பாட்டை ஏன்டி அந்த மனுஷனுக்குக் குடுத்தே?"

மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும் அவள் மறைக்கவில்லை. "நீதானே சொன்னே, கன்னம் வத்தட்டும்னு."

அவள் அப்பாவுக்கு எதையும் சிரிப்பாக்கினால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. "நல்லா இருக்கே! பொறந்ததுலேர்ந்து நான் உருண்டை உருண்டைன்னு கத்தறேன். எனக்காக ஒரு வேளை பட்டினி கிடந்திருக்கியா?"

"நீ சொன்னா விளையாட்டுப்பா" என்றாள். "அம்மா சொன்னா அது தொழில்."

"நான் ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி" என்றேன்.

"முடி விஷயத்துல நீ பேச்சுக்குன்னு எதுவுமே சொல்ல மாட்டே. அது எனக்குத் தெரியாதா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்ததை மென்று விழுங்கினேன். பதினெட்டு வருடமாக என் வாக்கை நம்பித்தான் ஜனம் என் கத்தரிக்கோலுக்குத் தலையைக் கொடுக்கிறது, அதைப் பொய் என்று என் வாயாலேயே சொல்வதா என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்த உண்மை அவ்வளவு அற்பமாக இருந்தது. பெரிய கோபத்தில் சொன்னேன், ஏதோ கவலையில் சொன்னேன் என்றாலாவது பரவாயில்லை. நீ மூன்று மாதம் சோற்றைத் தொடாததற்கு என் செருப்பு வார்தான் காரணம் என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் முட்டை அவித்தேன். காலையில் இரண்டு முட்டை, மதியம் பருப்பும் மீனும், மாலையில் நிலக்கடலை, ராத்திரி கீரை, நடுவில் எலுமிச்சைச் சாறு, பேரீச்சை. வாடிக்கையாளர்களுக்கு வாயால் சொல்கிற எல்லாவற்றையும் வீட்டில் தட்டில் வைத்தேன். எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் பார்க்கும்போது மெல்லுவாள். நான் தண்ணீர் எடுக்கத் திரும்பினால் தட்டு காலியாகும். ஒரு வாரம் கழித்து ஜன்னலோரப் பூந்தொட்டியில் எறும்பு மொய்க்கிறதே என்று மண்ணைக் கிளறினால், உள்ளே வரிசையாக முட்டை.

"செடிக்கும் முடி கொட்டுதோ என்னவோ" என்றார் அவள் அப்பா. அன்றைக்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சம் இல்லை.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இரும்புச்சத்து ரொம்பக் கம்மி. முடி வேர் சாகலை, திரும்ப வரும். ஆனா மாத்திரையால மட்டும் வராது, சாப்பிடணும். உங்க பொண்ணுக்குப் பசி இல்லாம இல்லைங்க. சாப்பிடப் பயமா இருக்கு. என்ன பயம்னு பேச வைங்க." மனசு விட்டுப் பேசுவதற்கு அங்கேயே இன்னொரு டாக்டர் இருப்பதாகச் சொல்லி, அடுத்த வாரத்துக்கு நேரம் குறித்துக் கொடுத்தார். என்ன பயம் என்று எனக்குத் தெரியும் என்று அவரிடமும் நான் சொல்லவில்லை.

மாத்திரையை மட்டும் அவள் ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள். "மாத்திரை குண்டாக்காதுல்ல?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் போட்டுக்கொள்வாள்.

அதே வாரம் சனிக்கிழமை நான் ஒருத்தருக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது மகள் போனிலிருந்து அழைப்பு வந்தது. காவலாளி. "பதறாதீங்கம்மா. பாப்பா தலை சுத்திக் கீழ உட்கார்ந்துடுச்சு. பிடிச்சுட்டேன், அடி ஒண்ணும் படலை." சாயக் கையோடேயே ஓடினேன். மகள் ஸ்டூலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், உதடு வெளுத்திருந்தது. காவலாளி அவள் கைப்பையை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பு என் மேலயும் இருக்கும்மா. சின்னப் பொண்ணு தினம் சாப்பாட்டைக் குடுக்குதே, நீ என்னம்மா சாப்பிடறேன்னு ஒரு நாள் கேட்டிருக்கணும். ருசியில கேக்கத் தோணலை."

ஒரு தப்பும் செய்யாத மனிதர். தப்பு என் மேல் என்று சொல்ல அவருக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது.

டாக்டர் இரண்டு நாள் படுத்திருக்கச் சொன்னார். மூன்றாம் நாள் எங்கள் பார்லருக்கு வார விடுமுறை. காலையில் மகள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நான் வைத்த தட்டை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டு, போனை எடுத்து வைத்தாள். அதே படம்.

"இன்னைக்கு லீவுதானே? போய் வெட்டி விடேன். இப்பத்தான் கன்னம் வத்திடுச்சே."

வெட்டினால், பட்டினி கிடந்தது சரிதான் என்று ஆகிவிடும். அந்த முகத்தைக் காப்பாற்ற அவள் இனி ஆயுசுக்கும் ஒழுங்காகச் சாப்பிட மாட்டாள். வெட்ட மாட்டேன் என்றால், இன்னும் வற்றவில்லை என்று எடுத்துக்கொண்டு மிச்சம் இருக்கிற ஒரு வாயையும் விட்டுவிடுவாள். இரண்டு பக்கமும் இடி. "சரி, வா" என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழி நெடுக என் கால் அவளைவிட நாலடி முன்னாலேயே போனது.

ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு விளக்கைப் போட்டேன். அவளை என் நாற்காலியில் உட்கார வைத்துத் துணியைப் போர்த்திக் கழுத்தில் கட்டினேன். முன்னெல்லாம் அந்தக் கட்டு அவளுக்கு இறுக்கும். இப்போது தோள்பட்டைக்கு வழுக்கியது. கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. கன்னம் ஒட்டி, கண் பெரிதாகி, நெற்றி ஏறி. என் மகள்தான். பார்லருக்கு இப்படி ஒருத்தி வந்திருந்தால் கூப்பிட்டு உட்கார வைத்து நூறு கேள்வி கேட்டிருப்பேன்.

சீப்பை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். சீப்பு நிறைய முடி வந்தது. இன்னொரு இழுப்பு. அதிலும். அவள் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லை, வெட்டு" என்றாள். "குட்டையா இருந்தா தெரியாது. இப்ப எடுபடும்ல?"

கத்தரிக்கோலை எடுத்தேன். கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

"என்னம்மா?"

"அன்னைக்கே எடுபட்டிருக்கும்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை.

"நீ முதல்ல வந்து கேட்ட அந்தச் சனிக்கிழமை நான் சொன்னது பொய்டி. உன் முகத்துக்கு அது நல்லாவே இருந்திருக்கும். ரெண்டு விரல் கீழ இறக்கி வெட்டியிருந்தா போதும்."

கண்ணாடியில் அவள் கண் சுருங்கியது. "என்னைச் சாப்பிட வைக்கறதுக்காகச் சொல்றே."

"இல்லை."

"டாக்டர் சொல்லிக் குடுத்தாங்களா? காதுல பூ சுத்தாதேம்மா. இவ்வளவு நாள் சொல்லாம இப்ப என்ன?"

பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக இந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒருத்தி என் பேச்சை நம்பவில்லை. நியாயம்தான். நான் அவள் பின்னால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு தலை. நாலு மணி நேரம் நேராக்கிய சுருட்டை முடி. மதியம் நின்றுகொண்டே தின்ற இரண்டு பிஸ்கட். வீங்கின கால். செருப்புக்குள் நுழையாத குதிகால்.

"நீ வந்து நின்னே. நான் உன் மூஞ்சியையே பார்க்கலைடி. உன் முடியைத்தான் பார்த்தேன். ஐயோ, இதை வெட்ட ஒண்ணரை மணி நேரம் ஆகுமேன்னு பார்த்தேன். உன்னை எப்படியாவது கிளப்பிக்கிட்டு வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு. வாயில என்ன வந்துச்சோ அதைச் சொன்னேன். அதுல தொழிலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்குக் கால் வலிச்சுது. அவ்வளவுதான்."

சொல்லி முடித்துவிட்டேன். வெளியே ஷட்டருக்குக் கீழே போகிற கால்கள் தெரிந்தன. அவள் கண்ணாடியில் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாற்காலியையே திருப்பி, நேராக என்னைப் பார்த்தாள். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. எத்தனையோ வாரம் கழித்து அந்த முகத்தில் ரத்தம் பார்த்தேன்.

"காலா?" என்றாள்.

"ஆமா."

"கால் வலியா?"

"ஆமாடி."

"அதைச் சொல்லியிருக்கலாம்ல!" கத்தினாள். சின்ன வயதில்கூட அவள் என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. "கால் வலிக்குதுடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உட்கார வச்சு அமுக்கி விட்டிருப்பேனேம்மா! முடியை மறுநாள் வெட்டியிருக்கலாம்! அதுக்குப் போயா... அதுக்குப் போயா என் மூஞ்சியைச் சொன்னே?"

அவள் போர்த்தியிருந்த துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். தொடுவதற்குக் கையை நீட்டினேன், தட்டிவிட்டாள். மறுபடி நீட்டினேன், மறுபடி தட்டினாள். நான் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில், வெட்டிய முடி விழுகிற இடத்தில், உட்கார்ந்துகொண்டேன். நானும் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

முடியை வெட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. துணியை அவிழ்த்து உதறி மடித்து வைத்தேன். ஷட்டரை இறக்கிப் பூட்டும்போது அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் நின்றாள். கொண்டை போடவில்லை, அந்தச் சுண்டுவிரல் வால் அப்படியே தொங்கியது. சாப்பிடுகிறாயா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் கெட்டுவிடுமோ என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன்.

நிறுத்தத்துக்குப் போனதும் திரும்பினாள். கண் இன்னும் வீங்கியிருந்தது.

"எனக்குப் பசிக்குது" என்றாள், என்னைத் திட்டுகிற அதே குரலில்.